ஆர்.வி. ட்ரிப் விஸார்ட்: வழி சொல்வதில் சுமார், இரவு நிறுத்தம் தேர்வதில் கெட்டி

அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால், படுக்கை, சமையலறையோடு வரும் ட்ராவல் ட்ரெய்லரை (ஆர்.வி. எனப்படும் பயண வீடுகளில் ஒரு வகை) மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் கூகுள் மேப்ஸை மட்டும் நம்பிப் போகக் கூடாது. அதைப் பொறுத்தவரை உங்கள் வண்டியும் ஒரு கார்தான். கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வே என்ற கார்ச் சாலையில் ட்ரெய்லருக்கு அனுமதியே இல்லை. நியூயார்க் பார்க்வேக்கள் பலவற்றிலும் அதே கதை, அங்கே தாழ்வான கல் வளைவுப் பாலங்கள் வேறு. கூகுளோ நாலு நிமிடம் மிச்சம் என்று உற்சாகமாக உள்ளே திருப்பிவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வந்த கருவிகளில் பலர் பயன்படுத்துவது ஆர்.வி. லைஃப் நிறுவனத்தின் ட்ரிப் விஸார்ட். அது தனியாக விற்பனைக்கு இல்லை. ஆர்.வி. லைஃப் புரோ என்ற வருடச் சந்தாவில் கணினியில் திட்டமிடும் ட்ரிப் விஸார்ட், ஃபோனில் வழி சொல்லும் ஆப், முகாம்களின் மதிப்பீடுகள், பராமரிப்புக் குறிப்பேடு எல்லாம் சேர்ந்து வருகின்றன. வருடத்துக்கு 60, 70 டாலர் பக்கம் ஆகும். முதல் 7 நாள் இலவசம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வருடத்துக்கு ஒரு நெடும்பயணம் போனாலும் காசுக்குத் தகும். ஆனால் வாங்குவது ஜி.பி.எஸ்.க்காக என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இதன் பலம் முழுக்க, வீட்டு மேஜையில் உட்கார்ந்து “நாளை ராத்திரி எங்கே நிற்பது” என்று முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிறது.

அளவு தப்பினால் எல்லாம் தப்பும்

கணக்கைத் திறந்ததும் வண்டியின் உயரம், நீளம், எடை, புரொப்பேன் (சமையல் வாயு) உண்டா என்று கேட்கும். பலர் இங்கே விற்பனைத் துண்டறிக்கையில் இருக்கிற எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிற்பாடு வரும் வம்பில் பாதி இங்கேதான் ஆரம்பம்.

உயரம்: ட்ரெய்லரை பிக்கப்பில் மாட்டி, பயணத்துக்குப் போகிற சுமையோடு சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். கூரையிலேயே உயரமான பொருள் பெரும்பாலும் ஏ.சி.யின் பிளாஸ்டிக் மூடிதான். நேரான பலகை ஒன்றை அந்த மூடியின் மேல் வைத்து, அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியிலிருந்து தரை வரை டேப் பிடியுங்கள். வருகிற எண்ணோடு ஆறு அங்குலம் கூட்டிப் பதியுங்கள். பாலத்தடியில் மறுபடி தார் போட்டிருந்தால் அங்கே அறிவிப்பில் எழுதியிருப்பதை விட உண்மையான உயரம் குறைந்திருக்கும். டர்ஹாம் நகரத்தில் லாரிக் கூரைகளை உரித்தே பெயர் வாங்கிய ரயில் பாலம் 11 அடி 8 அங்குலம். 2019-இல் தூக்கிய பிறகும் அது 12 அடி 4 அங்குலம்தான். ட்ராவல் ட்ரெய்லர்கள் பெரும்பாலும் 10 முதல் 11½ அடிக்குள் அடங்கும். பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே மாட்டும் ஐந்தாம் சக்கர வகை 13 அடியைத் தொடும்.

நீளத்தில் குழப்பம் இரட்டிப்பு. மாடல் பெயரில் 25 என்று இருந்தால் ட்ரெய்லர் 25 அடி என்று அர்த்தமில்லை. கொக்கியின் முனையிலிருந்து பின் பம்பர் வரை அளந்தால் 29 வரலாம். அதோடு, வழிக்கு வேண்டியது பிக்கப்பும் சேர்ந்த மொத்த நீளம், முகாம் மனைக்கு (உங்கள் வண்டிக்கு ஒதுக்கும் இடம்) வேண்டியது ட்ரெய்லரின் நீளம் மட்டும். இரண்டும் தனித்தனி எண்கள், எங்கே எது கேட்கிறது என்று பார்த்துப் பதியுங்கள். ஒரே ஒரு இரவு, கழற்றாமல் அப்படியே தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது என்றால் முகாமிலும் மொத்த நீளம்தான் கணக்கு. 29 அடி ட்ரெய்லரும் 20 அடி பிக்கப்பும் என்றால் 50 அடிக்குக் குறைந்த புல்-த்ரூ மனையில் (ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் மனை) மூக்கு தெருவில் நிற்கும்.

புரொப்பேன் கட்டத்தை டிக் செய்ய மறப்பவர்கள் பால்டிமோரில் மாட்டுகிறார்கள். ஃபோர்ட் மெக்ஹென்றி, பால்டிமோர் ஹார்பர் சுரங்கங்கள் இரண்டிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட உருளைக்கு அனுமதியில்லை. ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் உருளைகளோ 20 அல்லது 30 பவுண்டு. மாற்று வழி ஐ-695 சுற்றுச்சாலை. 2024 மார்ச்சில் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்த பிறகு அதன் கிழக்குப் பக்கம் இல்லை, மேற்காகத்தான் சுற்ற வேண்டும். பழைய ஆஃப்லைன் வரைபடத்தை ஃபோனில் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் அதைப் புதுப்பிப்பது நல்லது.

இன்னொன்று வேகம். சராசரி வேகத்தை நீங்களே குறைத்து வைக்காவிட்டால், காட்டும் பயண நேரம் கார்க்காரனுக்கானதாக இருக்கும். ட்ரெய்லருக்கான எஸ்.டி. வகை டயர்களில் வேறு வேகம் அச்சிட்டிருக்காவிட்டால் மணிக்கு 65 மைல்தான் உச்சம். 80 மைல் அனுமதிக்கும் சாலையிலும் அதே 65-தான். சராசரியை 55-இல் வையுங்கள்.

ஒரு வழியை எடுத்துப் பார்த்தால்

கருவியைச் சோதிக்க நல்ல பாதை ஐ-90 நெடுஞ்சாலை: சூ ஃபால்ஸிலிருந்து பேட்லாண்ட்ஸ், பிளாக் ஹில்ஸ், பிக்ஹார்ன் மலை தாண்டி யெல்லோஸ்டோன். மத்திய மேற்கு மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு தேர்ந்தெடுக்க ஏற்ற வழியும் இதுதான்.

ட்ரிப் விஸார்டில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டங்கள் விழும். ஒரு நாளைக்கு இத்தனை மைல் அல்லது இத்தனை மணி என்று நீங்கள் வைத்த எல்லைகள் அவை. வட்டத்துக்குள் இருக்கும் முகாம்கள் வரைபடத்தில் புள்ளிகளாக நிற்கும். ஒன்றைத் தொட்டுச் சேர்த்தால் வட்டம் அங்கே நகர்ந்து அடுத்த நாளைக் காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே சந்தா கட்டலாம். ட்ரெய்லர்காரர்கள் சொல்லும் மூன்று-மூன்று-மூன்று கணக்கு, அதாவது நாளுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவு தங்கு என்பதை வட்டம் கண்ணெதிரே பிடித்துக்கொடுக்கிறது. வெளி வட்டத்தை 300-இல் வைத்து, உள் வட்டத்தை 200-இல் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதில் தேடுங்கள்.

சூ ஃபால்ஸ் வெளியேறும் வழி எண் 396, வால் ஊருக்கு 110. தெற்கு டகோட்டாவில் எண்ணும் மைல் கணக்கும் ஒன்று என்பதால் தூரம் 286 மைல். கார் நாலு மணி நேரத்துக்குள் போய்விடும், ட்ரெய்லரோடு ஐந்து மணிக்கு மேல் ஓட்டம், நிறுத்தங்கள் சேர்த்தால் ஆறே கால். மர்டோவுக்கு மேற்கே மலை நேர மண்டலம் வந்து ஒரு மணி நேரம் கிடைக்கும். திரும்பும்போது அதே மணி போய்விடும், திரும்பும் நாளின் நிறுத்தத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வைக்க வேண்டும்.

இந்தப் பாதையில் எரிபொருள் கணக்கைப் பாருங்கள். ட்ரெய்லர் இழுக்கும்போது கேலனுக்கு 9 மைல், டேங்க் 24 கேலன் என்று பதிந்தால் கருவி 216 மைல் ஓடும் என்று கணக்குப் போடும். 133-வது மைலில் சேம்பர்லெய்னில் நிரப்பிக்கொண்டால் வால் வரை மீதி 153 மைல், 17 கேலன், தாராளம் என்று தோன்றும். ஆனால் மிசூரி ஆற்றைத் தாண்டி மேட்டில் ஏறியதும் மேற்கிலிருந்து எதிர்க்காற்று பிடித்தால் மைலேஜ் 7-க்கு இறங்கும். அப்போது அதே 153 மைலுக்கு 22 கேலன். டேங்க் அநேகமாக வற்றிப்போகும். அதனால் எரிபொருள் கட்டத்தில் உங்கள் நல்ல நாள் மைலேஜைப் போடாமல் மோசமான நாள் மைலேஜைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் மர்டோவிலும் ஒரு நிறுத்தம் சேர்க்கத் தோன்றும். சேர்ப்பதுதான் சரி. நிறுத்துமிடம் பெரிய லாரி நிலையமாக இருக்கட்டும். சின்ன பங்கில் உள்ளே நுழைவது எளிது, 50 அடி நீளத்தோடு வெளியே வருவது வேறு கதை.

வால் ஊர்ப் பக்கம் இரவு தங்க இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. பேட்லாண்ட்ஸ் பூங்காவுக்குள் சீடர் பாஸ் முகாமில் மின்சாரம் உள்ள மனைகள் உண்டு, மனைக்குத் தண்ணீர் இணைப்பு கிடையாது. ஊருக்குத் தெற்கே பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே காசில்லாமல் நிற்கலாம். மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, காட்சிக்கு மட்டும் குறைவில்லை. ஆனால் மழை பெய்தால் அந்த மண் களியாகிவிடும். சக்கரப் பள்ளங்கள் பசைபோல் பிடித்துக்கொள்ள, நாலு சக்கர இழுவையும் கைகொடுக்காது. வானிலையில் மழை என்றால் காசு கொடுத்துத் தங்குவதே மேல். இலவச இடத்துக்குத் தண்ணீர் நிரப்பிப் போகிறவர்கள் எடையையும் நினைக்க வேண்டும். 40 கேலன் தண்ணீர் சுமார் 330 பவுண்டு. டேங்க் அச்சுக்கு முன்னால் இருந்தால் அதில் ஒரு பங்கு கொக்கியில் ஏறும்.

பிளாக் ஹில்ஸில் கருவியின் எல்லை தெரிய ஆரம்பிக்கிறது. கஸ்டர் மாநிலப் பூங்காவின் நீடில்ஸ் நெடுஞ்சாலையில் பாறையைக் குடைந்த நீடில்ஸ் ஐ சுரங்கம் 8 அடி அகலம், ட்ராவல் ட்ரெய்லர்களில் பெரும்பாலானவையும் அதே 8 அடி. அயர்ன் மவுண்டன் ரோட்டின் சுருள் பாலங்களும் ட்ரெய்லருக்கு ஆகாது. இங்கே ட்ரெய்லரை ராப்பிட் சிட்டி அல்லது கஸ்டர் ஊர்ப் பக்கம் மூன்று இரவு நிறுத்திவிட்டு பிக்கப்பில் சுற்றுவதுதான் முறை. வழித்திட்டத்தில் அந்தச் சுற்றுப் பயணங்களைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ட்ரெய்லரோடு போவதாகக் கணக்குப் போட்டு மொத்தமும் குழம்பும். ஆகஸ்ட் ஆரம்பத்தில் ஸ்டர்ஜிஸ் மோட்டார்சைக்கிள் திருவிழா. அந்த வாரம் ஐ-90 ஓரம் மனையும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாறுமாறு. தேதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது இந்தப் பாதையின் உண்மையான பரீட்சை, பிக்ஹார்ன் மலை. கோடி ஊருக்குப் போக மூன்று சாலைகள். யூ.எஸ்.-14ஏ பத்து சதவீதச் சரிவு, ட்ரெய்லரோடு அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. யூ.எஸ்.-14 நடுத்தரம். பஃபலோவிலிருந்து டென் ஸ்லீப் வழியாகப் போகும் யூ.எஸ்.-16தான் ட்ரெய்லர்காரர்களின் வழி. கோடி வரை சுமார் 180 மைல். ஆனால் சரிவு என்பது சட்டப்படி தடை இல்லையே. உயரமும் எடையும் சரியாக இருந்தால் மென்பொருள் 14ஏ-வைத் தவிர்த்துவிடும் என்று நம்பக் கூடாது. ஆகவே கருவி போட்ட கோட்டை ஏற்காமல், ஏற்ற இறக்க வரைபடத்தைத் திறந்து பாருங்கள், டென் ஸ்லீப்பில் ஒரு இடைப்புள்ளியை வைத்துக் கோட்டை இழுத்துப்போடுங்கள். அந்த வழியிலும் பஃபலோவின் 4,600 அடியிலிருந்து பவுடர் ரிவர் கணவாயின் 9,666 அடிக்கு ஏற வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் பலம் இழக்கும், உச்சியில் கால் பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். பஃபலோவில் இரவு தங்கி, காலைக் குளிர்ச்சியில் ஏறுவது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நல்லது. இறங்கும்போது கியரை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள், பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தால் பாதியில் புகை வரும்.

யெல்லோஸ்டோனில் இன்னொரு சிக்கல், முகாமைப் பார்ப்பது ஒரு இடம், பதிவு செய்வது வேறு இடம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் என எல்லா இணைப்பும் உள்ள ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். கரடி நடமாட்டத்தால் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும் அனுமதி, துணி மடிப்புள்ள பாப்-அப் ட்ரெய்லருக்கு இடமில்லை. இதை நடத்துவது ஸான்டெரா நிறுவனம், அவர்களுடைய தளத்தில்தான் பதிவு. மேடிசன், கேன்யன், கிராண்ட், பிரிட்ஜ் பே நான்கும் அப்படியே. பூங்காவின் மற்ற சில முகாம்களுக்கு மத்திய அரசின் ரிக்ரியேஷன்.கவ் தளம். கோடியிலிருந்து கிழக்கு வாசல் 52 மைல், அங்கிருந்து ஃபிஷிங் பிரிட்ஜ் இன்னும் 27. இடம் கிடைக்காதவர்கள் கோடியில் நின்று தினம் போய்வரலாம் என்று போடும் திட்டம் காகிதத்தில் அழகு. நடைமுறையில் ஒரு நாளில் 160 மைல் வீணாகும்.

வடிகட்டியும் மதிப்பெண்ணும்

முகாம்களுக்கு 10-க்கு மதிப்பெண் உண்டு. 8-க்கு மேல் என்று வடிகட்டினால் பட்டியல் சுருங்கிவிடும், ஆனால் நெடுஞ்சாலையோர ஒரு ராத்திரி நிறுத்தத்துக்கு 8 தேவையே இல்லை. 6½ எடுத்த முகாமில் நீளமான புல்-த்ரூ மனையும் 30 ஆம்ப் மின்சாரமும் இருந்தால் போதும். மதிப்பெண்ணை விடக் கடைசி ஒரு வருடத்து விமர்சனங்களை வாசியுங்கள். மரக்கிளை, சமதளம், ரயில் சத்தம், மின்னழுத்தம் ஆகிய நான்கைத் தேடினால் போதும். கே.ஓ.ஏ. என்ற தனியார் சங்கிலியின் முகாம்களைத் தேடுகிறவர்கள் ஜர்னி என்ற வகையைப் பாருங்கள், நெடுஞ்சாலைப் பயணிகளுக்காகவே அமைத்தது அது.

30 ஆம்ப் என்பது மொத்தம் 3,600 வாட். 13,500 பி.டி.யூ. ஏ.சி. ஓடும்போது 12, 13 ஆம்ப் எடுக்கும். வெந்நீர்த் தொட்டியின் மின்கம்பி இன்னொரு 12. இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 15. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டே இண்டக்‌ஷனில் குக்கர் வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்தில் வெந்நீரும் சேர்ந்தால் 40 ஆகி பிரேக்கர் விழும். வெந்நீரைப் புரொப்பேனுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இலவச நிறுத்தங்களையும் கருவி காட்டும். வால்மார்ட் புள்ளி இருக்கிறது என்பதற்காக அங்கே தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடை மேலாளரின் அனுமதியும் ஊர்ச் சட்டமும் தீர்மானிக்கிற விஷயம் அது. மாலையில் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) நீட்டுவது, நாற்காலி போடுவது கூடாது. பொதுநில மேலாண்மைத் துறை நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள் தங்கலாம்.

ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் தனிச் சந்தா, திராட்சைத் தோட்டம், பண்ணை போன்ற இடங்களில் ஓர் இரவு நிற்க. கட்டணம் இல்லை என்றாலும் 20, 30 டாலருக்கு ஏதாவது வாங்குவது மரியாதை. கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், கடை மூடுவதற்குள் போய்ச்சேர வேண்டும். ஆறு மணிநேரம் ஓட்டுகிற நாளில் இதை வைக்காதீர்கள், 150 மைல் நாளுக்குப் பொருத்தம்.

ஃபோன் ஆப்பும், அது சொல்லாததும்

கணினியில் போட்ட திட்டம் ஃபோன் ஆப்புக்கு வந்துவிடும். கார்ப்ளேயிலும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் ஓடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத வயோமிங் மலைகளில் கைகொடுக்கும். சிலர் திட்டத்தை ஏற்றுமதி செய்து கூகுளில் திறக்கிறார்கள். அதில் பொருளே இல்லை. புள்ளிகள் மட்டும் போகும், இடைப்பட்ட வழியை கூகுள் மறுபடி காருக்காகக் கணக்கிடும், பார்த்துப் பார்த்துத் தவிர்த்த பாலம் திரும்பி வந்துவிடும். போக்குவரத்து நெரிசலுக்கு மட்டும் பக்கத்திலிருப்பவர் கையில் கூகுள் இருக்கட்டும்.

காற்று விஷயத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. வயோமிங்கில் ஐ-80, குறிப்பாக லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே, பலத்த காற்றில் எடை குறைந்த உயர வண்டிகளுக்கு மட்டும் மூடப்படும். ட்ரெய்லர் அந்த வகையில்தான் வரும். மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலைத் தகவலைக் காலையில் தனியாகப் பார்க்க வேண்டும்.

தேசியப் பூங்கா விதிகளையும் பூங்காவின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள். கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடி சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் விடமாட்டார்கள். யூட்டாவின் சயன் பூங்காவில் மவுண்ட் கார்மல் சுரங்கத்தின் அகல எல்லை 7 அடி 10 அங்குலம். முன்பு கட்டணம் வாங்கிக்கொண்டு எதிர்ப் போக்குவரத்தை நிறுத்திப் பெரிய வண்டிகளை விட்டார்கள். 2026 நடுப்பகுதியிலிருந்து அதுவும் இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்திருக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இங்கே அகலத்தில் சிக்குவார்கள். மாற்று வழி ஹரிகேன், ஃபிரடோனியா சுற்றி கனாப்.

கட்டணத்தில் ஒரு சின்ன விஷயம். கிரீன் கார்டு வைத்திருக்கும் 62 வயது தாண்டிய அப்பா, அம்மா கூட வந்தால் அவர்கள் பெயரில் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ் வாங்குங்கள். ஆயுளுக்கு 80 டாலர், வருடத்துக்கு 20. மத்திய அரசு முகாம்கள் பலவற்றில் மனைக் கட்டணம் பாதியாகும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது.

வாரக்கடைசிக்கு மாநிலப் பூங்கா போய்வருபவர்களுக்கு இந்தச் சந்தா வேண்டாம், பூங்காவின் பதிவுத் தளமே போதும். வாடகை ட்ரெய்லர் எடுப்பவர்கள் உரிமையாளரிடம் உயரமும் முழு நீளமும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே இலவச 7 நாளைத் தொடங்குங்கள். எண்கள் கைக்கு வருவதற்கே நாலு நாள் போய்விடும். ரிக்ரியேஷன்.கவ்வில் பல முகாம்கள் ஆறு மாதம் முன்னதாக, கிழக்கு நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஜூலைப் பயணத்துக்கு இலவச வாரத்தை ஜனவரியில் ஆரம்பித்தால் திட்டமும் பதிவும் ஒரே வாரத்தில் முடியும். சந்தாவைத் தொடர வேண்டாம் என்றால் ஆறாம் நாளே ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.